பிளாட்டினமும் கோபால்ட்டும் கூடியிருக்கின்றனவா? கார்பன் மீதான ஈருலோக வினையூக்கியை ஆராய ஒரு வழிகாட்டி

இலவங்கப்பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடில், பென்சீன் வளையத்தை விட்டுவிட்டால், ஹைட்ரஜன் ஏறக்கூடிய இடங்கள் இரண்டு. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பில் ஏறினால் ஹைட்ரோசின்னமால்டிஹைடு கிடைக்கும். கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் மட்டும் ஏறினால், வாசனைப் பொருள் தொழிலுக்கு வேண்டிய சின்னமைல் ஆல்கஹால் கிடைக்கும். இரண்டிலும் ஏறிவிட்டால் பீனைல்புரொப்பனால். வெப்ப இயக்கவியல் முதல் வழிக்கே சாதகமானது. அதனால் நமக்கு வேண்டிய ஆல்கஹால் தானாக வந்து சேராது.

கார்பன் மீது பிளாட்டினம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கலவையாகத்தான் விளைபொருள் வரும். கொஞ்சம் கோபால்ட் சேர்த்தால் ஆல்கஹாலின் பங்கு உயர்கிறது என்பது பலரும் கண்ட உண்மை. ஏன் என்பதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கோபால்ட் பிளாட்டினத்துக்கு எலெக்ட்ரான் அடர்த்தியைத் தருகிறது என்பது ஒன்று. ஆக்சிஜனை விரும்பும் கோபால்ட், ஆல்டிஹைடின் ஆக்சிஜன் முனையைப் பிடித்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. மூலக்கூறு தட்டையாகப் படுக்க வசதியான அகன்ற பிளாட்டினப் பரப்பைக் கோபால்ட் துண்டாடுகிறது என்பது மூன்றாவது. எதை ஆதரித்து வாதாடினாலும் முதலில் ஒன்றை நிறுவியாக வேண்டும்: இரண்டு உலோகங்களும் அருகருகே இருக்கின்றனவா? ஒரே கார்பன் தூளில் இரண்டும் இருப்பது வேறு, ஒரே துகளில் கூடியிருப்பது வேறு. ‘உலோகக்கலவை உருவாகியுள்ளது’ என்ற வாக்கியம் ஆய்வுக் கட்டுரைகளில் மிக மலிவாகப் புழங்குகிறது. அதை எழுதும் உரிமையை எப்படிச் சம்பாதிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரே வினையூக்கியைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: கார்பன் மீது எடையில் 5 சதவீதம் பிளாட்டினம், 0.5 சதவீதம் கோபால்ட். எடையில் பத்துக்கு ஒன்று என்றாலும் அணுக் கணக்கில் இது மூன்றுக்கு ஒன்று. ஒரு கிராம் வினையூக்கியில் 256 மைக்ரோமோல் பிளாட்டினமும் 85 மைக்ரோமோல் கோபால்ட்டும் இருக்கும். குறிப்பேட்டில் இரண்டு விகிதங்களையும் எழுதிவையுங்கள். எது எடை, எது அணு என்று குறிப்பிடாத அட்டவணைகளால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

தொடங்கும் முன்: ஒன்றுக்கு ஐந்து மாதிரிகள்

புதியவர்கள் பெரும்பாலும் ஈருலோக மாதிரியை மட்டும் தயாரித்துக் கருவிகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது வரும் எந்த முடிவையும் எதனோடும் ஒப்பிட முடியாது. ஐந்து மாதிரிகள் வேண்டும். பிளாட்டினம் மட்டும் ஏற்றியது, கோபால்ட் மட்டும் ஏற்றியது, இரண்டும் ஏற்றியது, எந்த உலோகமும் ஏற்றாமல் அதே கரைப்பான், அதே அமிலம், அதே சூடு எல்லாவற்றையும் கண்ட வெறும் கார்பன். ஐந்தாவதாக, முதல் இரண்டையும் தூளாகவே கலந்த இயற்பியல் கலவை. இந்தக் கடைசி மாதிரிதான் பலமுறை வழக்கையே தீர்த்துவைக்கும். ஈருலோக மாதிரி காட்டும் ஒரு பண்பை வெறும் தூள்கலவையும் காட்டினால், அந்தப் பண்பு உலோகங்கள் கூடியிருப்பதற்குச் சான்றாகாது.

எல்லா அளவீட்டையும் ஒரே பேட்ச்சில் செய்யுங்கள். கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கிராம் போதும். ஆனால் வினைச் சோதனைக்கும் மறு அளவீட்டுக்கும் வேண்டியிருப்பதால் மூன்று, நான்கு கிராமாவது தயாரித்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு பற்றி இரண்டு வரி; இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். ஹைட்ரஜனில் ஒடுக்கிய பிளாட்டினம், பல்லேடியம் வினையூக்கிகள் காற்றில் கரைப்பான் ஆவியைச் சந்தித்தால் தீப்பற்றும். உலர்ந்த தூளின் மேல் மெத்தனாலை ஊற்றக் கூடாது. குடுவையில் முதலில் நைட்ரஜனோ ஆர்கானோ நிரம்பியிருக்க வேண்டும். உலையிலிருந்து எடுக்குமுன், அறை வெப்பநிலையில் சுமார் 1 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனை மெதுவாகச் செலுத்தி மேற்பரப்பைச் சாந்தப்படுத்துங்கள். இந்தச் செயலே மேற்பரப்புக் கோபால்ட்டை ஆக்சைடாக்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். பின்னால் வரும் பல அளவீடுகளை இது பாதிக்கும்.

படி 1: எவ்வளவு உலோகம் இருக்கிறது?

கரைசலில் எவ்வளவு போட்டீர்கள் என்பது முக்கியமல்ல. கார்பனில் எவ்வளவு தங்கியது என்பதே முக்கியம். இதற்கு ஐசிபி, அதாவது கரைசலைப் பிளாஸ்மாவில் செலுத்தி ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் சொல்லும் முறை. கருவி எளிது, மாதிரியைக் கரைப்பதுதான் சிரமம். கார்பன் அமிலத்தில் கரையாது. துளைகளுக்குள் சிக்கிய உலோகத்தை அமிலம் முழுதாக வெளியே கொண்டுவந்துவிடும் என்று நம்பவும் முடியாது. எனவே முதலில் மஃபிள் உலையில் காற்றில் கார்பனை எரித்துவிட்டு, மிஞ்சும் சாம்பலை ராஜதிராவகத்தில் சூடாக்கிக் கரையுங்கள். ராஜதிராவகத்தைப் புகைப்பேழைக்குள் புதிதாகக் கலக்க வேண்டும், மூடிய பாட்டிலில் ஒருபோதும் சேமிக்கக் கூடாது. கோபால்ட்டுக்கு இந்த வழி ஒத்துவரும். இரண்டாம் உலோகம் வெள்ளீயமாக இருந்தால் ஒத்துவராது. எரித்தபின் கிடைக்கும் வெள்ளீய ஆக்சைடு ராஜதிராவகத்துக்கு எளிதில் மசியாது. குளோரைடு மிச்சமிருந்தால் வெள்ளீயத்தின் ஒரு பகுதி உலையிலேயே ஆவியாகிவிடவும் கூடும்.

வெறும் கார்பனையும் இதே போல் எரித்து அளந்துவிடுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எளிதாகக் கிடைக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கார்பன் பரப்பளவு மிக்க அருமையான தாங்கிதான் (உலோகத்தைச் சுமக்கும் அடிப்பொருள்). ஆனால் அதன் சாம்பலில் பொட்டாசியம் முதலிய உலோகங்கள் இருக்கும். ‘கலப்படமற்ற தாங்கி’ என்ற எண்ணத்தோடு தொடங்கினால், பிறகு அந்தப் பொட்டாசியம் செய்யும் வேலைக்கும் கோபால்ட்டுக்கே பாராட்டு போய்ச் சேரும்.

படி 2: கார்பனின் துளைகள்

இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. நைட்ரஜன் பரப்புக்கவர்தல் மூலம், உலோகம் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் பரப்பளவையும் துளைக் கன அளவையும் ஒப்பிட்டால் போதும். உலோகத்தின் எடையால் மட்டும் குறைய வேண்டிய அளவைவிட அதிகமாகக் குறைந்திருந்தால், துளை வாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். நுண்துளைகள் நிறைந்த கார்பனுக்கு வழக்கமான அழுத்த வரம்பில் பெட் கணக்கை (படியும் வாயுவின் அளவிலிருந்து பரப்பளவைக் கணிக்கும் முறை) போடாதீர்கள். வரம்பை, அதைத் தேர்வதற்கென்றே உள்ள ரூக்கரோல் அளவுகோலின்படி தேர்ந்து, எதைத் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள்.

படி 3: எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு

எல்லோரும் முதலில் ஓடும் கருவி இதுதான். தவறாக வாசிக்கப்படுவதிலும் இதுவே முதல். செம்பு கே ஆல்ஃபா கதிரில் பிளாட்டினத்தின் முதல் முகடு 39.76 டிகிரியில் வரும். அளவில் சிறிய கோபால்ட் படிகக்கூட்டுக்குள் நுழையும்போது கூடு சுருங்கி, முகடு உயர்ந்த கோணத்துக்கு நகரும். உதாரணமாக 40.5 டிகிரிக்கு நகர்ந்தால், அலகுக் கூட்டின் பக்க நீளம் 0.3924 நானோமீட்டரிலிருந்து 0.3855 ஆகச் சுருங்கியிருக்கிறது. பிளாட்டினத்துக்கும் கனசதுரக் கோபால்ட்டுக்கும் (0.3544) இடையில் வெகார்டு விதிப்படி நேர்கோடு போட்டால் கோபால்ட் 18 சதவீதம் என்று வரும். ஆனால் மூன்று பிளாட்டினத்துக்கு ஒரு கோபால்ட் கொண்ட சேர்மத்தின் பக்க நீளமே ஏறத்தாழ 0.385தான், அதில் கோபால்ட் 25 சதவீதம். ஆகவே நேர்கோட்டுக் கணக்கைத் தோராயமாகவே கொள்ளுங்கள், தசம இடங்களோடு எழுதாதீர்கள்.

இன்னொரு சங்கடம். மூன்று நானோமீட்டர் துகளின் முகடு ஏறக்குறைய 2.8 டிகிரி அகலமாகப் பரந்து கிடக்கும். அவ்வளவு அகன்ற மேட்டில் 0.7 டிகிரி நகர்வைத் தேடுகிறோம். மாதிரித் தட்டில் தூளின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே முகடு 0.06 டிகிரி அளவுக்கு நகரும். கார்பன் எக்ஸ் கதிரை ஆழமாக உள்ளே விடுவதாலும் சற்று விலகல் வரும். தீர்வு எளிது: கொஞ்சம் சிலிக்கான் தூளைக் கலந்துவிடுங்கள். 28.44 டிகிரியில் அதன் கூர்மையான முகடு எங்கே வருகிறது என்று பார்த்து மொத்தப் படத்தையும் சரிசெய்யலாம்.

முகட்டின் அகலத்திலிருந்து துகள் அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டைப் போடும்போது முதல் முகட்டை விட்டுவிட்டு, 67.5 டிகிரி அருகே வரும் 220 எனப்படும் படிகத் தளத்தின் முகட்டைப் பயன்படுத்துங்கள். 25 டிகிரி அருகிலும் 43 டிகிரி அருகிலும் கார்பனின் சொந்த மேடுகள் இருக்கின்றன. 67 டிகிரியில் அந்தத் தொல்லை குறைவு. அங்கே அரை உயர அகலம் 2.5 டிகிரி என்றால் படிக அளவு சுமார் 3.8 நானோமீட்டர் என்று வரும். கருவியின் சொந்த அகலத்தைக் கழித்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘கோபால்ட் முகடுகள் எதுவும் தெரியவில்லை, ஆகவே எல்லாம் பிளாட்டினத்தோடு கலந்துவிட்டது’ என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அரை சதவீதக் கோபால்ட், படிகமற்ற ஆக்சைடாகவோ இரண்டு நானோமீட்டருக்குக் குறைந்த துகள்களாகவோ கார்பன் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் முகடு தெரியாது.

படி 4: ஹைட்ரஜனில் படிப்படியாகச் சூடாக்குதல்

டிபிஆர் எனப்படும் இந்த முறை இரண்டு உலோகங்களின் நெருக்கத்தை மறைமுகமாகச் சொல்லும். ஒடுக்கப்படாத மாதிரியை 5 அல்லது 10 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில், நிமிடத்துக்கு 10 டிகிரி செல்சியஸ் வீதம் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் ஹைட்ரஜன் உண்ணப்படுகிறது என்று பார்க்கிறோம். தனிக் கோபால்ட் ஆக்சைடு ஒடுங்க 300 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கும். பக்கத்தில் பிளாட்டினம் இருந்தால், அது ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிளந்து கொடுப்பதால் கோபால்ட் அதற்கு வெகு முன்பே ஒடுங்கிவிடும். இயற்பியல் கலவையில் இந்த இறக்கம் வராமலோ குறைவாகவோ இருந்து, ஈருலோக மாதிரியில் தெளிவாக வந்தால், உங்கள் கையில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. பல்லேடியம் உள்ள மாதிரிகளில் இன்னும் அழகான அடையாளம் உண்டு. பல்லேடியம் ஹைட்ரஜனை உள்ளே வாங்கி ஹைட்ரைடாக மாறி, 60 முதல் 80 டிகிரி அருகே அதை வெளிவிடும்; படத்தில் அது தலைகீழ் முகடாகத் தெரியும். வெள்ளியோ செம்போ உண்மையில் கலந்திருந்தால் அந்த முகடு சுருங்கும், சில சமயம் காணாமலே போகும்.

கார்பன் இங்கேதான் அதிகம் ஏமாற்றுகிறது. அலுமினா, சிலிக்கா தாங்கிகளில் பழகியவர்கள் கார்பனின் டிபிஆர் படத்தைப் பார்த்ததும் 500 டிகிரிக்கு மேல் எழும் பெரிய மேட்டைக் கோபால்ட்டின் கணக்கில் எழுதிவிடுவார்கள். அது பெரும்பாலும் கார்பனே ஹைட்ரஜனோடு வினைபுரிந்து மீத்தேனாக வெளியேறுவது. உலோகம் அதற்கு உதவியும் செய்கிறது. இது போதாதென்று, கார்பன் மேற்பரப்பின் கார்பாக்சில் தொகுதிகள் 200 முதல் 400 டிகிரிக்குள் சிதைந்து கார்பன் டைஆக்சைடைத் தரும். பீனால், கார்போனைல் வகைகள் 600க்கு மேல் கார்பன் மோனாக்சைடைத் தரும். வெப்பக் கடத்துத்திறன் உணரிக்கு இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாது. வாயு எதுவானாலும் கடத்துத்திறன் மாறினால் அது கோடு கிழிக்கும், அவ்வளவுதான். எனவே நிறை நிறமாலைமானி ஒன்றை இணைத்து மீத்தேனுக்கு 15, நீருக்கு 18, கார்பன் மோனாக்சைடுக்கு 28, கார்பன் டைஆக்சைடுக்கு 44 ஆகிய நிறைகளைக் கூடவே பதியுங்கள். அது கிடைக்காத ஆய்வகத்தில், வெறும் கார்பனின் படத்தையும் அதே அளவில் பக்கத்தில் போட்டுக் காட்டுவது குறைந்தபட்ச நேர்மை. இந்தப் படத்தைக் கொண்டே உங்கள் ஒடுக்க வெப்பநிலையையும் முடிவு செய்யுங்கள்: கோபால்ட் ஒடுங்கியிருக்க வேண்டும், மீத்தேன் தொடங்கியிருக்கக் கூடாது.

படி 5: எலெக்ட்ரான் நுண்ணோக்கி

இரண்டு உலோகங்களும் ஒரே துகளில் இருப்பதைக் கண்ணால் பார்க்க இதுவே வழி. கொஞ்சம் தூளை ஐசோபுரொப்பனாலில் அசைத்து, ஓட்டைகள் உள்ள கார்பன் படலத் தட்டில் ஒரு சொட்டு வையுங்கள். ஓட்டைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளில் படம் எடுத்தால் பின்னணி தெளிவாக இருக்கும். தட்டு செம்பாலானது என்றால் செம்பு சமிக்ஞை எங்கும் வரும். ஆகவே உங்கள் இரண்டாம் உலோகம் செம்பாக இருந்தால் தங்கம் அல்லது நிக்கல் தட்டு கேளுங்கள்.

அகன்ற கோணத்தில் சிதறும் எலெக்ட்ரான்களைக் கொண்டு படமெடுக்கும் ஹாடஃப் முறையில் கனமான அணுக்கள் பிரகாசமாகத் தெரியும். பிளாட்டினத்தின் அணு எண் 78, கோபால்ட்டுக்கு 27. பிரகாசமான பிளாட்டினத் துகள்களைப் பார்த்து எண்ணிக்கொண்டே போகும் கண்ணுக்கு, மங்கலான சிறு கோபால்ட் ஆக்சைடுத் துகள்கள் தட்டுப்படாமலே போகலாம். ஆகவே எக்ஸ் கதிர் தனிம வரைபடம் கட்டாயம் வேண்டும். அதிலும் அகன்ற பரப்பின் வரைபடத்தில் இரண்டு நிறங்களும் ஒரே இடத்தில் தெரிவது எதையும் நிரூபிக்காது. கார்பன் துண்டு இருக்கும் இடத்தில் இரண்டும் தெரியத்தான் செய்யும். தனித்தனித் துகள்கள் ஒவ்வொன்றிலும் விகிதத்தை எடுங்கள். சில டஜன் துகள்களுக்கு எடுத்து அந்த விகிதங்களின் பரவலைக் காட்டினால் மதிப்பு. எல்லாத் துகளிலும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று இருப்பதும், பாதித் துகள்களில் கோபால்ட்டே இல்லாமல் இருப்பதும் சராசரியில் ஒன்றுபோலவே தெரியும். வினையில் அவை ஒன்றுபோல நடக்காது.

கோபால்ட்டோடு வேலை செய்பவர்களுக்கு மட்டுமான எச்சரிக்கை: நுண்ணோக்கியின் காந்த வில்லைப் பாகங்களிலேயே இரும்பும் கோபால்ட்டும் இருப்பதுண்டு. சிதறும் எலெக்ட்ரான்கள் அங்கே பட்டு, மாதிரியில் இல்லாத கோபால்ட் முகட்டை உண்டாக்கும். பிளாட்டினம் மட்டும் ஏற்றிய மாதிரியை அதே நிலைமைகளில் எடுத்து, அதில் வரும் கோபால்ட் சமிக்ஞையைக் கழித்தாக வேண்டும்.

துகள் அளவுக்கு இருநூறுக்குக் குறையாமல் எண்ணுங்கள். சாதாரண சராசரி மட்டும் போதாது, பரப்பு எடையிட்ட சராசரியும் வேண்டும். பத்து நானோமீட்டர் துகள் ஒன்று, மூன்று நானோமீட்டர் துகள்கள் 37 சுமக்கும் அணுக்களைத் தன்னுள் வைத்திருக்கிறது. எக்ஸ் கதிர் காட்டும் அளவு கன அளவைச் சார்ந்தது என்பதால், நுண்ணோக்கியின் சராசரியைவிடப் பெரிதாக வருவது இயல்பு.

படி 6: மேற்பரப்பில் எந்த உலோகம்?

வினை நடப்பது மேற்பரப்பில் என்பதால், கார்பன் மோனாக்சைடை சிறுசிறு துடிப்புகளாகச் செலுத்தி எத்தனை அணுக்கள் வெளியே தெரிகின்றன என்று எண்ணுகிறோம். நச்சு வாயு, உணரிக் கருவி இல்லாத அறையில் இந்த வேலை வேண்டாம். ஹைட்ரஜனைக் கொண்டும் எண்ணலாம், ஆனால் பிளாட்டினம் பிளக்கும் ஹைட்ரஜன் கார்பனுக்குள் வழிந்தோடி எண்ணிக்கையை ஊதிவிடும். ஒடுக்கிய பிறகு அதே வெப்பநிலையில் ஹீலியத்தால் நன்கு துடைத்துவிட்டு, 35 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து அளக்கவும்.

நம் மாதிரி கிராமுக்கு 70 மைக்ரோமோல் வாயுவைப் பிடித்ததாக வைப்போம். பிளாட்டினம் 256 என்பதால் சிதறல், அதாவது மேற்பரப்பில் தெரியும் அணுக்களின் பங்கு, 27 சதவீதம். பிளாட்டினத்துக்கு 113ஐச் சிதறல் சதவீதத்தால் வகுத்தால் துகளின் விட்டம் தோராயமாக நானோமீட்டரில் வரும், இங்கே 4.1. ஆனால் ஒடுங்கிய கோபால்ட்டும் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கும் என்பதால் இது பிளாட்டினத்தின் தனிக் கணக்கு அல்ல. இந்த எண்ணை நுண்ணோக்கியின் எண்ணோடு ஒப்பிடும்போதுதான் சுவாரசியம். நுண்ணோக்கி 3 நானோமீட்டர் என்கிறது, வாயுவோ 7க்கு உரிய அளவையே பிடிக்கிறது என்றால், பிளாட்டினத்தை ஏதோ மூடியிருக்கிறது. கோபால்ட் ஆக்சைடாக இருக்கலாம், தயாரிப்பில் பயன்படுத்திய பாலிமராக இருக்கலாம், மிச்சக் குளோரைடாகவும் இருக்கலாம். முரண்பாடு வந்தால் கருவியைத் திட்டாமல் காரணத்தைத் தேடுங்கள். பல நல்ல கண்டுபிடிப்புகள் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கின்றன.

எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் எக்ஸ்பிஎஸ் நிறமாலையில் கார்பன் தாங்கிக்கு ஒரு வசதி உண்டு. அலுமினாவில் அலுமினியத்தின் முகடு பிளாட்டினத்தின் மேலேயே வந்து விழும். கார்பனில் அந்தச் சிக்கல் இல்லை. உலோகப் பிளாட்டினத்தின் 4எஃப் முகடு 71 எலெக்ட்ரான் வோல்ட் அருகில் இருக்கும். அதன் இணை 3.3 தள்ளி, பரப்பில் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் வர வேண்டும். இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லாமல் பொருத்திய வளைவுகளை நம்பாதீர்கள். உலோகக் கோபால்ட் 778.2 அருகிலும், இரண்டு நேர்மின் கோபால்ட் 780–781 அருகில் துணை முகட்டோடும் வரும். காற்றில் எடுத்துச் சென்ற மாதிரியில் ஆக்சைடு தெரிவது சாதாரணம். உலைக்குள் அது அப்படித்தான் இருந்தது என்று முடிவுகட்ட முடியாது. ஆற்றல் அளவைச் சரிசெய்யப் பலரும் 284.8 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். அது மேலே படியும் அழுக்குக் கார்பனுக்கு உரியது. உங்கள் மாதிரியில் பெரும்பகுதி கிராஃபைட் வகைக் கார்பன், அதற்கு 284.4–284.5. எலெக்ட்ரான் பரிமாற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் நகர்வே 0.2, 0.3 அளவில்தான் இருக்கிறது. குறியீட்டு எண்ணில் 0.4 பிழை விட்டால் வாதமே கவிழ்ந்துவிடும்.

படி 7: வேலை செய்யும் நிலையில்

இதுவரை பார்த்தது பாட்டிலில் இருக்கும் பொருளை. ஹைட்ரஜன் அழுத்தத்தில், கரைப்பானுக்குள் அது எப்படி இருக்கிறது என்பதற்கு எக்ஸ் கதிர் உட்கவர்தல் நிறமாலை வேண்டும். பிளாட்டினத்தின் எல்3 விளிம்பு (உட்கவர்தல் திடீரென உயரும் ஆற்றல்) 11,564, கோபால்ட்டின் கே விளிம்பு 7,709 எலெக்ட்ரான் வோல்ட். கார்பன் இந்தக் கதிர்களை அதிகம் தடுக்காது என்பது நமக்கு அனுகூலம். கோபால்ட்டைச் சுற்றிப் பிளாட்டினம் அண்டை அணுவாக நிற்கிறதா, ஆக்சிஜன் நிற்கிறதா என்பதை வேறெந்தக் கருவியும் இவ்வளவு நேராகச் சொல்லாது. இந்தியாவில் இந்தூரிலுள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (செறிவான எக்ஸ் கதிர் தரும் துகள் முடுக்கி) இதற்கு விண்ணப்பித்து நேரம் பெறலாம். முன் படிகளின் முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். எல்லா மாதிரிகளையும் அள்ளிக்கொண்டு போகாமல், ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான மூன்று நான்கு மாதிரிகளை எடுத்துச் செல்லுங்கள்.

இனி வினை. சின்னமால்டிஹைடு காற்றில் சின்னமிக் அமிலமாக மாறும், எனவே பழைய பாட்டிலைச் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். அமிலத் தன்மையுள்ள கார்பன் ஆல்கஹால் கரைப்பான்களில் அசிட்டால்களை உண்டாக்கும். பொருள் கணக்கு நேராகவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள். தேர்திறனை (விளைபொருளில் நமக்கு வேண்டிய ஆல்கஹாலின் பங்கு) எப்போதும் ஒரே மாற்ற அளவில் (வினைபுரிந்த சின்னமால்டிஹைடின் சதவீதம்) ஒப்பிடுங்கள். 20 சதவீத மாற்றத்தில் ஒரு வினையூக்கியையும் 90 சதவீதத்தில் இன்னொன்றையும் வைத்துச் சொல்லும் தீர்ப்பு செல்லாது.

வினை முடிந்ததும் சூட்டோடு வடிகட்டி, வடிநீர்மத்தை ஐசிபியில் பாருங்கள். கரைந்து போவதில் கோபால்ட் முந்திக்கொள்ளும். அப்படிக் கரைந்திருந்தால் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. 1925இலேயே அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸின் ஆய்வகம், பிளாட்டினக் கருமையோடு (நுண்ணிய பிளாட்டினத் தூள்) இரும்பு, துத்தநாக உப்புகளைக் கரைசலில் சேர்த்துச் சின்னமால்டிஹைடைச் சின்னமைல் ஆல்கஹாலாக மாற்றிக் காட்டியிருக்கிறது. அங்கே உலோகக்கலவை எதையும் முன்கூட்டித் தயாரிக்கவில்லை. எனவே கோபால்ட் கரைந்துள்ள உங்கள் வடிநீர்மத்தில், பிளாட்டினம் மட்டும் ஏற்றிய முதல் மாதிரியையும் புதிய சின்னமால்டிஹைடையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆல்கஹாலின் பங்கு அங்கேயும் உயர்ந்தால், தேர்திறனைத் தந்ததில் கரைந்த கோபால்ட் உப்புக்கும் பங்கிருக்கிறது. ஏழு படிகளின் முடிவுகளையும் அந்த வெளிச்சத்தில் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கும்.